தூணில் கை வைக்காதீர்கள்: ரீமேக், ரீ-என்ட்ரி, ரீ-ரிலீஸ்

‘ஒரிஜினல் மாதிரி வரல’ என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். எது வரவில்லை, ஏன் வரவில்லை என்று தோண்டினால்தான் விஷயம் பிடிபடும். என் கட்சி இதுதான்: ஒவ்வொரு கதையிலும் தூண் என்று ஒன்றிரண்டு இருக்கும். மீதியெல்லாம் சுவர். ஊர், சாதி, மதம், சாப்பாடு, பாட்டு, காமெடி டிராக் எல்லாம் சுவர். இடித்துக் கட்டலாம். இடித்துக் கட்டத்தான் வேண்டும். தூண் எது என்று தெரியாமல் கை வைத்த படங்கள்தான் ரிலீஸான வெள்ளிக்கிழமையே உட்கார்ந்துவிடுகின்றன. நடிகர்களின் கம்பேக்கையும் பழைய படங்களின் ரீ-ரிலீஸையும் இதே கணக்கில் பார்க்கலாம்.

முதலில் ‘சந்திரமுகி’. மூலம் ஃபாசிலின் ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993). அதில் ஷோபனாவின் கங்கா, நாகவல்லியாக மாறும்போது தமிழ் பேசுவாள். நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நாட்டியக்காரி. மலையாள ரசிகருக்குப் பயம் எங்கிருந்து வருகிறது? பக்கத்து அறையில் படுத்திருக்கும் நம் வீட்டுப் பெண், நமக்குப் பாதி மட்டும் புரியும் வேறொரு மொழியில், வேறொரு தொண்டையில் பேசுகிறாள். அதிலிருந்துதான். அந்த அந்நியத்தன்மைதான் தூண்.

இதைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது ஒரு சிக்கல். தமிழ்ப் பேய் தமிழர்களிடம் தமிழ் பேசினால் அந்நியம் எங்கே இருக்கிறது? பி.வாசு பேயைத் தெலுங்குக்காரி ஆக்கினார். ‘ரா ரா’ பாட்டு தெலுங்கில் இருப்பது சும்மா அலங்காரத்துக்கு இல்லை. அதே பாட்டைத் தமிழ் வரிகளில் யோசித்துப் பாருங்கள், பாதி பயம் போய்விடும். இந்தியில் ‘பூல் புலையா’ (2007) எடுத்த பிரியதர்ஷனும் இதைப் புரிந்துகொண்டுதான் அவளை வங்காளி நாட்டியக்காரி ஆக்கினார். ஊர் மாறியது, மொழி மாறியது, தூண் மாறவில்லை.

சுவர்களில் வாசு தாராளமாகக் கை வைத்தார். மலையாளத்தில் மோகன்லாலின் டாக்டர் சன்னி வெகுநேரம் கழித்துத்தான் வீட்டுக்குள் நுழைவார். ரஜினியை அவ்வளவு நேரம் காக்கவைக்க முடியாது. அதனால் முதலிலேயே சண்டை, ‘தேவுடா’ பாட்டு. இதில் முதல் பாதியின் அமானுஷ்யம் நீர்த்துப்போனது உண்மை. அதை ஈடுகட்டியது, ரஜினியே ஏற்ற பழைய காலத்து ராஜா வேட்டையன். மலையாளத்தில் அந்த இடத்தில் வரும் பழைய காரணவராக (குடும்பத் தலைவராக) மோகன்லால் நடிக்கவில்லை. 2004-ல் கன்னடத்தில் விஷ்ணுவர்தனை வைத்து ‘ஆப்தமித்ரா’ எடுத்தபோதே வாசு அந்த ராஜாவை நாயகனுக்கே கொடுத்துச் சோதித்துப் பார்த்துவிட்டார். அங்கே ‘ஹவுலா ஹவுலா’ என்றது இங்கே ‘லக லக லக’ ஆனது. அதாவது தமிழுக்கு வந்தது இரண்டாவது பிரதி இல்லை, ஒருமுறை ஓட்டிப் பார்த்துத் திருத்திய மூன்றாவது பிரதி. ரீமேக் எடுப்பவர்களுக்கு இப்படி ஒரு ஒத்திகை எப்போதும் கிடைக்காது.

‘பாபநாசம்’ (2015) இன்னொரு பாடம். ‘த்ரிஷ்யம்’ (2013) கதையில் நாயகனின் மதம் மாறியிருக்கிறது, ஊர் மாறியிருக்கிறது. ஜார்ஜ்குட்டி சுயம்புலிங்கம் ஆனார், இந்தியில் விஜய் சல்காவ்கர் ஆனார். குடும்பம் அந்த இரண்டு நாள் எங்கே போயிருந்தது என்று போலீஸிடம் சொல்லும் பொய்யின் களமும் அந்தந்த ஊருக்கு ஏற்றாற்போல் மாறியது. இந்தியில் அது கோவாவின் பணஜியில் நடந்த சத்சங்கம், தேதி அக்டோபர் 2. ஆனால் இந்திய மொழிகள் எல்லாவற்றிலும் மாறாத ஒன்று, அவருடைய தொழில். கேபிள் டிவி ஆபரேட்டர். ஏன்? ராத்திரி முழுக்க ஆபீசில் உட்கார்ந்து படம் பார்க்கிற, பள்ளிக்கூடத்தைத் தாண்டாத ஒரு மனிதன், போலீஸ் எப்படி விசாரிக்கும், சாட்சியின் ஞாபகத்தை எப்படித் திரிக்கலாம் என்பதை சினிமாவிலிருந்தே கற்றிருக்கிறான். அவனை மளிகைக்கடைக்காரர் ஆக்கினால் கதை நின்றே போகும். மகளுக்கு நடந்தது, தொழில், கண்ணால் பார்த்ததை உண்மை என்று நம்பும் மனித மூளை. இந்த மூன்றும்தான் தூண். ஜீத்து ஜோசப்பே தமிழிலும் இயக்கியதால் அதில் குளறுபடி இல்லை. ஜெயமோகனின் வசனமும் கமலின் நெல்லைத் தமிழும் நல்ல சுவர்கள்.

எனக்கு ஒரு குறை உண்டு. கடைசியில் இறந்த பையனின் பெற்றோரிடம் பேசும் காட்சியில் மோகன்லால் எவ்வளவு சொல்கிறாரோ அதைவிட அதிகமாக அடக்கிக்கொள்கிறார். கமல் உடைந்து அழுகிறார். நடிப்பாக அது பெரிய நடிப்பு. கதாபாத்திரமாகப் பார்த்தால், இத்தனை நாள் போலீஸ் அடியிலும் முகம் மாறாத ஆள் இவ்வளவு திறந்துகொள்வாரா? கமல் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும்.

‘கில்லி’யை (2004) ரீமேக் என்றே பலர் நினைப்பதில்லை. மூலம் தெலுங்கு ‘ஒக்கடு’ (2003). கர்னூல் மதுரையானது, ஹைதராபாத் சென்னையானது, சார்மினார் கலங்கரை விளக்கமானது. கபடியும், அறைக்குள் ஒரு பெண்ணை ஒளித்துவைத்துக்கொண்டு வீட்டில் தினசரி நாடகம் ஆடுவதும், வில்லன் பிரகாஷ்ராஜும் அப்படியே. ‘வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.’ (2004) கிரேசி மோகனின் கையில் விழுந்ததால் மூலத்தின் கதை நம்மூர் நாடகமேடை வேகத்துக்கு மாறியது. இரண்டிலும் புதிதாக எழுதப்பட்டது கதை அல்ல, பேச்சு.

இந்த வேலையைத் தொழிலாகவே செய்தவர் மோகன் ராஜா. ‘ஜெயம்’ (2003), ‘எம். குமரன்’ (2004), ‘உனக்கும் எனக்கும்’ (2006), ‘சந்தோஷ் சுப்பிரமணியம்’ (2008), ‘தில்லாலங்கடி’ (2010) எல்லாம் தெலுங்கிலிருந்து வந்தவை. ‘ரீமேக் ராஜா’ என்று கிண்டல் செய்தார்கள். பத்து வருடத்துக்கு மேல் அடுத்தவர் திரைக்கதைகளைப் பிரித்துப் பூட்டிய ஒருவர் சொந்தமாக எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ‘தனி ஒருவன்’ (2015) பதில். அதையே தெலுங்கில் ‘துருவா’ (2016) என்று ரீமேக் செய்தார்கள். அவரைக் கிண்டல் செய்தவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

சரி, தூணை உடைத்த கதை. ‘கைதி’ (2019) இந்தியில் ‘போலா’ (2023) ஆனது. கைதியில் நாயகன் டில்லியின் பழைய வாழ்க்கை பிளாஷ்பேக்காக வருவதே இல்லை. லாரி ஓடிக்கொண்டிருக்கும்போது அவரே வாயால் சொல்வதுதான். கதாநாயகி கிடையாது, பாட்டு கிடையாது, ஒரே ராத்திரி. அவர் யார் என்பதை நாம் ஊகிப்பது எதை வைத்து? பிரியாணியை அவர் அள்ளிச் சாப்பிடும் விதத்தை வைத்து. பத்து வருட ஜெயில் அந்தக் கையில் தெரியும். பார்க்காத மகளுக்காகப் போகிறான் என்ற தவிப்பும், பார்வையாளரிடமிருந்து மறைத்த கடந்தகாலமும்தான் அந்தப் படத்தின் தூண்கள். போலா இரண்டாவதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காதலியையும் பாட்டையும் வைத்தது. 3டி, பைக் துரத்தல் என்று செலவு தாராளம். மர்மம் போன பிறகு செலவு என்ன செய்யும்?

‘நேர்கொண்ட பார்வை’ (2019) இதற்கு நடுவில் நிற்கிறது. ‘பிங்க்’ (2016) படத்தில் இல்லாத ஒரு சண்டையும் வித்யா பாலன் வரும் பிளாஷ்பேக்கும் அஜித்துக்காகச் சேர்ந்தன. ரசிகர்களுக்குக் கட்டிய சுங்கவரி என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கோர்ட் காட்சிகளை எச்.வினோத் தொடவே இல்லை. அந்தப் பெண்களை நோக்கிக் கேட்கப்படும் அசிங்கமான கேள்விகள், ‘வேண்டாம் என்றால் வேண்டாம்தான்’ என்று முடியும் வாதம், எல்லாம் அதே வரிசை. வரி கட்டினாலும் கட்டடம் நின்றது.

இப்போது ரீமேக்குக்கு வந்திருக்கும் பெரிய கேடு தரம் அல்ல, கால இடைவெளி. ரைட்ஸ் வாங்கும் நடைமுறையைப் பார்த்தாலே தெரியும். ரீமேக் உரிமை மொழிவாரியாக விற்கப்படும். டப்பிங் உரிமை தனி, சாட்டிலைட் தனி, டிஜிட்டல் தனி. இந்த நாலும் ஒரே கையில் இல்லாவிட்டால், நீங்கள் ஹீரோவிடம் தேதி வாங்கிக்கொண்டிருக்கும்போதே மூலப்படத்தின் டப்பிங் ஓடிடி-யில் வந்து உட்கார்ந்துவிடும். ‘சூரரைப் போற்று’ 2020-ல் ஓடிடி-யிலேயே நேரடியாக வந்தது. பிறகு இந்தி டப்பிங்கும் வந்தது. ‘சர்ஃபிரா’ தியேட்டருக்கு வந்தது 2024 ஜூலையில். இயக்கியவர் அதே சுதா கொங்கரா, நடித்தவர் அக்‌ஷய் குமார். ஆனால் பார்க்க வேண்டியவர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தார்கள். ‘தெறி’ (2016) எட்டு வருடம் கழித்து ‘பேபி ஜான்’ ஆனபோதும் இதே கதி. ஆகவே ரீமேக் ரைட்ஸ் வாங்குகிறவர் ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டிய வரி விலை அல்ல. உங்கள் மொழியில் டப்பிங் இருக்கிறதா, இருந்தால் யார் கையில், எத்தனை நாள் வெளியிடாமல் வைத்திருக்கச் சம்மதிப்பார்கள் என்பதுதான்.

இன்னொரு பக்கம், ரீமேக்கே தேவையில்லாத நிலை வந்துவிட்டது. ‘பிரேமம்’ (2015) மலையாளத்திலேயே சென்னையில் மாதக்கணக்கில் ஓடியது. ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ (2024) தமிழ்நாட்டில் டப்பிங் இல்லாமலேயே பெரிய வசூல் பார்த்தது. அதன் உச்சக்கட்டத்தில் ஒலிப்பது 1991-ல் வந்த ‘குணா’ பாட்டு. அதைத் தமிழில் ரீமேக் செய்ய என்ன இருக்கிறது?

கம்பேக்குக்கு வருவோம். கம்பேக்கில் தூண் என்பது நடிகர் இல்லாமல் போன அந்த வருடங்கள். அவற்றை மறைக்க முயலும் படம் தோற்கும், கதைக்குள் கொண்டுவரும் படம் ஜெயிக்கும். ‘36 வயதினிலே’ (2015) ரீமேக்கும் கம்பேக்கும் ஒன்றாக வந்தது என்பதால் இதை விளக்க அதைவிட வசதியான படம் இல்லை. மூலமான ‘ஹவ் ஓல்ட் ஆர் யூ’ (2014) மஞ்சு வாரியர் பதினாலு வருடம் கழித்துத் திரும்பிய படம். தமிழில் ஜோதிகா சுமார் எட்டு வருடம் கழித்து. இயக்கியவர் அதே ரோஷன் ஆண்ட்ரூஸ். கதை என்ன? ஒரு காலத்தில் கல்லூரியையே கலக்கிய பெண், கல்யாணத்துக்குப் பிறகு குடும்பத்துக்குள் மறைந்துபோய், வெளிநாட்டு வேலைக்கு வயது தாண்டிவிட்டது என்று நிராகரிக்கப்படுகிறாள். தியேட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு வசந்தியின் கதையும் ஜோதிகாவின் கதையும் தனித்தனியாகத் தெரியாது. யார் நடித்தாலும் இந்தக் கதை ஓடியிருக்கும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தொடர்ந்து நடித்துக்கொண்டிருந்த ஒருவர் செய்திருந்தால் மொட்டைமாடித் தோட்டம் பற்றிய விழிப்புணர்வுப் படமாகத்தான் அது மிஞ்சியிருக்கும்.

‘விக்ரம்’ (2022) இதையே இன்னும் தந்திரமாகச் செய்தது. 2018-க்குப் பிறகு கமல் தியேட்டரில் இல்லை. படத்தின் முதல் பாதியிலும் அவர் கிட்டத்தட்ட இல்லை. செத்துப்போன ஒரு மனிதன் யார், குடிகாரனா, நல்லவனா என்று ஃபகத் பாசில் ஊர் ஊராக விசாரிக்கிறார். நாமும் சேர்ந்து தேடுகிறோம். இடைவேளையில் வரும் வெடிப்பு நாலு வருடப் பசிக்குப் போட்ட சாப்பாடு. 1986-ல் வந்த பழைய ‘விக்ரம்’ பெரிய வெற்றிப்படம் இல்லை என்பதும் உதவியது. யாரும் அதை மனப்பாடமாக வைத்திருக்கவில்லை, ஒப்பிட்டுப் பார்க்க ஆளில்லை. ‘இந்தியன் 2’ (2024) நேர் எதிர். அங்கே சேனாபதியைத் திரும்பி வரச்சொல்லி ஹேஷ்டேக் போடுகிறார்கள், அவரும் வருகிறார். இருபத்தெட்டு வருட இடைவெளி அவருக்குள் என்ன செய்தது என்பதற்குப் படத்தில் ஒரு காட்சிகூட இல்லை.

வடிவேலு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அவருடைய காமெடியின் இயங்குமுறை எளிது: உதார் விடுவார், மாட்டுவார், அடி வாங்குவார், அடி வாங்கியதை மறைக்க இன்னொரு உதார் விடுவார். இதற்கு எதிரே அவரைவிட வலுவான ஒருவர் கட்டாயம் வேண்டும். ‘நாய் சேகர்’ என்பது ‘தலைநகரம்’ (2006) படத்தில் டிராக்காக வந்த பாத்திரம். எதிரே சுந்தர்.சி இருந்தார். அதே சுராஜ் இயக்கத்தில் ‘நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்’ (2022) என்று முழுநீளப் படமாக இழுத்தபோது கதாநாயகனே அவர்தான். அப்புறம் யார் அவரை அடிப்பது? முழுநீளத்துக்குத் தாங்கிய ‘இம்சை அரசன் 23ம் புலிகேசி’ (2006) இந்தச் சிக்கலை இரட்டை வேடத்தால் தீர்த்திருந்தது. முட்டாள் ராஜாவும் அவரே, புத்திசாலித் தம்பியும் அவரே. அதனால் அடிக்கும் கையும் வாங்கும் கன்னமும் படத்துக்குள் இருந்தன.

‘மாமன்னன்’ (2023) அதே வடிவேலுவை வைத்து வேறு கணக்கு போட்டது. முப்பது வருடமாகத் திரையில் எல்லாரிடமும் குனிந்த உடம்பு அது. நாம் சிரித்தது அந்தக் குனிவைப் பார்த்துத்தான். மாரி செல்வராஜ் அந்தக் குனிவை அப்படியே எடுத்து, எம்.எல்.ஏ. ஆன பிறகும் ஆதிக்கசாதித் தலைவர் முன்னால் நாற்காலியில் உட்காராத மனிதரிடம் வைத்தார். மகன் வற்புறுத்தி உட்காரச் சொல்லும் காட்சியில் வடிவேலுவின் கண்ணையும் தோளையும் கவனியுங்கள். பழைய பாடி லேங்குவேஜ்தான், ஒரு அங்குலம்கூட மாறவில்லை. சிரிப்பு மட்டும் வராது. புதுமுகம் ஒருவரை வைத்து இந்தக் காட்சியை எடுக்கவே முடியாது. ‘தனி ஒருவ’னில் அரவிந்த்சாமிக்கும் நடந்தது இதுதான். ‘ரோஜா’ (1992) காலத்து மாப்பிள்ளை முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே இருந்த ஆளை மட்டும் மாற்றினார்கள்.

‘மைக்’ மோகன் வேறு மாதிரி. எண்பதுகளில் அவருக்குப் பெரும்பாலான படங்களில் பின்னணிக் குரல் கொடுத்தவர் எஸ்.என்.சுரேந்தர். பாட்டில் எஸ்.பி.பி. ஆகமொத்தம், நம் ஞாபகத்தில் இருக்கும் மோகன் மூன்று பேர் சேர்ந்தது. ‘ஹரா’விலும் ‘கோட்’டிலும் (2024) திரும்பி வந்தது அதில் ஒருவர்தான். முகம் பார்த்து வரும் சந்தோஷம் வாய் திறந்ததும் பாதியாகிறது. அவர் குற்றம் இல்லை. அவரை வில்லனாகப் போடுகிறவர்கள் அந்தப் பழைய மோகனைக் கதையில் எங்காவது பயன்படுத்தியிருக்க வேண்டும்.

பிரசாந்தின் ‘அந்தகன்’ (2024) மேல் எனக்குப் பரிவு உண்டு. ‘அந்தாதுன்’ (2018) கதையில் பழைய நடிகர் ஒருவர் கொலையாவார். இந்தியில் அனில் தவான். தமிழில் அந்த இடத்தில் கார்த்திக்கைப் போட்டார்கள், கூடவே அவர் படங்களின் பாட்டுகள். மூலத்தைவிடக் கச்சிதம் என்றே சொல்வேன். ஆனால் ஆறு வருடத் தாமதத்தில் தெலுங்கும் மலையாளமும் முந்திவிட்டன. யார் யாரைக் கொல்வார் என்று தெரிந்தவர்களே தியேட்டரில் உட்கார்ந்திருந்தார்கள்.

ரீ-ரிலீஸில் எல்லாமே தூண், சுவரே கிடையாது. 2012-ல் டிஜிட்டலில் மீண்டும் வந்த ‘கர்ணன்’ (1964) தமிழில் இந்தக் கதவைத் திறந்தது. 2024 ஏப்ரலில் ‘கில்லி’ அதை அகலத் திறந்தது. டிவியில் நூறு தடவை பார்த்து, தியேட்டரில் ஒரு தடவைகூடப் பார்க்காத தலைமுறைதான் அன்றைக்கு ‘அப்படிப் போடு’வுக்கு எழுந்து ஆடியது. ‘பாபா’வை 2022-ல் மறுபடி எடிட் செய்து, ரஜினியே சில இடங்களுக்குப் புதிதாக டப்பிங் பேசி வெளியிட்டார்கள். அது ரீ-ரிலீஸ் இல்லை, திருத்தப் பதிப்பு. வெட்டினாலும் சேர்த்தாலும் தணிக்கை வாரியத்தில் மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும், போஸ்டரிலும் அதைப் போடுவதுதான் நியாயம்.

‘4கே’ என்று போஸ்டரில் இருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். முறையான வேலை என்பது ஒரிஜினல் நெகட்டிவைத் தேடிப்பிடித்து, சுத்தம் செய்து, ஃபிரேம் ஃபிரேமாக ஸ்கேன் செய்து, கீறலையும் ஆட்டத்தையும் நீக்கி, அப்புறம் கலர் பார்ப்பது. பழைய அசிடேட் நெகட்டிவ்கள் சூட்டிலும் ஈரத்திலும் வினிகர் வாடை அடித்துச் சுருங்கிப்போகும். அப்படிப் போன படங்களுக்குத் தியேட்டர் பிரின்டோ டிவி டேப்போதான் கதி. அதை கம்ப்யூட்டரில் ஊதிப் பெரிதாக்கிவிட்டும் ‘4கே’ என்கிறார்கள். கண்டுபிடிக்கும் வழி: டிரெய்லரில் குளோஸப்பை நிறுத்திப் பாருங்கள். தலைமுடி தனித்தனியாகத் தெரிந்து, லேசாக ஃபிலிம் கிரெயின் ஓடினால் நெகட்டிவிலிருந்து வந்தது. கன்னம் மெழுகு பொம்மை மாதிரி வழவழவென்று இருந்தால் ஊதியது, அல்லது கிரெயினை அளவுக்கு மீறித் துடைத்தது.

அடுத்தது சட்டகம். ஐம்பது, அறுபதுகளின் பெரும்பாலான படங்கள் ஏறக்குறைய நாலுக்கு மூன்று விகிதத்தில் எடுத்தவை. அதை சினிமாஸ்கோப் திரை முழுக்க நிரப்ப வேண்டுமென்றால் மேலும் கீழுமாக உயரத்தில் 100-க்கு 40-க்கு மேல் வெட்ட வேண்டும். பத்மினி ஆடும்போது காலும் போகும், சிவாஜி நிற்கும்போது கிரீடமும் போகும். இரண்டு பக்கமும் கறுப்பு விட்டுக் காட்டுவதில் என்ன கேவலம்? ஒலியிலும் இதே அவசரம்தான். பழைய படங்களில் வசனம், இசை, சத்தம் எல்லாம் ஒரே டிராக்கில் கலந்திருக்கும். அதை 5.1 ஆக்க, குதிரைக் குளம்பையும் வாள் மோதலையும் புதிதாகப் பதிவுசெய்து மேலே ஏற்றுகிறார்கள். வசனம் பழைய டப்பாவிலிருந்தும் வாள் பக்கத்து சீட்டிலிருந்தும் கேட்கும். பாட்டை மட்டும் இசைத்தட்டு கம்பெனியின் ஸ்டீரியோ பதிவிலிருந்து எடுத்து ஒட்டினால் வாயசைவு நழுவும், ஏனென்றால் ரெக்கார்டுக்கான பதிவின் நீளமும் படத்தில் வெட்டி ஒட்டிய நீளமும் பல பாட்டுகளில் ஒன்றாக இருக்காது.

ஆகவே அடுத்த ரீ-ரிலீஸுக்கு எஃப்டிஎஃப்எஸ் (முதல் நாள் முதல் காட்சி) டிக்கெட் போடுவதற்கு முன் டிரெய்லரில் மூன்று இடம் பார்த்துவிடுங்கள்: ஒரு குளோஸப், ஆள் முழுதாக நிற்கும் ஒரு ஷாட், பாட்டில் ஒரு வாயசைவு. மூன்றில் இரண்டு தேறினால் போகலாம். தலையும் காலும் வெட்டுப்பட்டிருந்தால், பாட்டு எவ்வளவு பிடித்ததாக இருந்தாலும், அந்த டிக்கெட் காசை மிச்சம் பிடியுங்கள்.